பேஸ்பால் விதிகளும் ஸ்கோர் ஷீட்டும்: கிரிக்கெட் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ கிரிக்கெட் ஸ்கோர் எழுத ஆள் வேண்டும் என்றால் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். பேஸ்பால் ஷீட்டை நீட்டினால் அதே ஆட்கள் முழிப்பார்கள். விடியற்காலையில் அமெரிக்க மேட்ச் பார்க்கிறவர்கள், பள்ளியில் சாஃப்ட்பால் டீம் சேர்க்கும் பி.டி. மாஸ்டர்கள், டோர்னமென்ட்டில் திடீரென்று ஸ்கோரர் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

கிரிக்கெட் பழக்கத்தில் முதலில் எதை விட வேண்டும்?

மூன்று விஷயம். முதலாவது, அடித்துவிட்டு நிற்க முடியாது. பந்து ஃபேராகப் போனால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். மூன்று பேஸையும் சுற்றி ஹோமுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன்.

இரண்டாவது, மைதானம் சுற்றிலும் கிடையாது. பேட்டர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டிலிருந்து விரியும் 90 டிகிரி மட்டும்தான். முதல் பேஸ் கோட்டுக்கும் மூன்றாம் பேஸ் கோட்டுக்கும் நடுவே போனால் ஃபேர், வெளியே போனால் ஃபவுல். கோட்டில் பட்டால் ஃபேர். லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் ஃபவுல்தான். ஃபவுலையும் தரையில் படாமல் பிடித்தால் அவுட். ஒன் பிட்ச் கேட்ச் செல்லாது. தரையோடு உருளும் பந்தில்தான் சண்டை வரும். பேஸுக்கு முன்னால் அது எங்கே குத்தியது என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. உருண்டு எங்கே நின்றது, யார் எங்கே தொட்டார், அல்லது பேஸைத் தாண்டும்போது எந்தப் பக்கமாகத் தாண்டியது என்பதைத்தான் அம்பயர் பார்ப்பார்.

மூன்றாவது, மூன்று அவுட் விழுந்தால் காஜி (மட்டை பிடிக்கும் முறை) மாறும். இரண்டு டீமும் ஒருமுறை காஜி முடித்தால் ஒரு இன்னிங்ஸ், மொத்தம் ஒன்பது. அவுட்டானவர் தன் முறை வரும்போது திரும்ப மட்டை பிடிப்பார். வரிசை விட்ட இடத்திலிருந்து தொடரும்: ஆறாவது ஆளோடு காஜி போனால், அடுத்த இன்னிங்ஸ் ஏழாவது ஆளோடு தொடங்கும். கடைசி இன்னிங்ஸில் பின்னால் ஆடும் டீம் ஏற்கெனவே முன்னிலையில் இருந்தால் அவர்கள் ஆட வேண்டியதே இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரைக்கையும் பாலையும் எப்படி எண்ணுவது?

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது சுமார் 43 செ.மீ. விதிப்புத்தகம் சொல்லும் உயரம்: கீழே முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள குழி, மேலே தோளுக்கும் பேன்ட்டின் மேல் விளிம்புக்கும் நட்டநடு. அந்தக் கூண்டுக்குள் பந்தின் ஓரம் பட்டால்கூட ஸ்ட்ரைக், பேட்டர் சும்மா நின்றாலும் சரி. மட்டையை வீசித் தவறவிட்டால், பந்து எங்கே போனாலும் ஸ்ட்ரைக். கூண்டுக்கு வெளியே வந்து அவரும் வீசாமல் விட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். நாலு பால் ஆனால் முதல் பேஸுக்கு இலவச நடை. பந்து உடம்பில் பட்டாலும் அதேதான். ஆனால் ஸ்ட்ரைக் ஆகும் பந்தில் உடம்பைக் கொடுத்தாலோ, ஒதுங்க முயற்சியே செய்யாமல் நின்றாலோ கிடைக்காது.

ஃபவுல் அடித்தால் முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை அது ஸ்ட்ரைக்காக ஏறும். அதன்பின் எத்தனை ஃபவுல் அடித்தாலும் எண்ணிக்கை நகராது. விலக்கு ஒன்று: இரண்டு ஸ்ட்ரைக் இருக்கும்போது மட்டையை நீட்டிப் பந்தை மெதுவாகத் தட்டப்போய் (இதற்குப் பெயர் பன்ட்) அது ஃபவுலானால் அவுட்.

மூன்று ஸ்ட்ரைக் ஆன பிறகும் சிலர் ஓடுகிறார்களே?

மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) சுத்தமாகப் பிடிக்காமல் விட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, பேட்டர் ஓடலாம். அவரைத் தொட்டோ, முதல் பேஸுக்கு எறிந்தோ அவுட்டாக்க வேண்டும். ஷீட்டில் இரண்டு விதத்திலும் ஸ்ட்ரைக்அவுட்தான், பேட்டர் தப்பித்துவிட்டாலும்கூட. அதனால் ஒரே இன்னிங்ஸில் பந்து போடும் ஒரு பிட்சருக்கு நாலு ஸ்ட்ரைக்அவுட் விழ வாய்ப்பு உண்டு. நாலு எழுதியிருக்கிறதே என்று பதறி ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

சில நேரம் பேஸை மிதித்தாலே அவுட், சில நேரம் ஆளைத் தொட வேண்டும். எப்போது எது?

புதிதாகப் பார்க்கிறவர்கள் நூற்றுக்கு நூறு தடுமாறும் இடம் இது. பின்னால் ஆள் வருவதால் முன்னால் இருப்பவருக்கு வேறு வழியில்லாமல் அடுத்த பேஸுக்குப் போக வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் அது ஃபோர்ஸ். பந்தோடு அந்தப் பேஸை மிதித்தால் போதும். அவர் விருப்பத்துக்கு ஓடுகிறார் என்றால் ஆளைத் தொட வேண்டும்.

முதல் பேஸில் ஒரு ரன்னர் இருக்கிறார், பேட்டர் தரையோடு அடிக்கிறார். பேட்டர் முதல் பேஸுக்கு வந்தாக வேண்டும். ஒரு பேஸில் இருவர் நிற்க முடியாது. எனவே அந்த ரன்னர் இரண்டாவதுக்குத் தள்ளப்படுகிறார். இரண்டாம் பேஸை மிதித்தால் அவர் அவுட். ரன்னர் இரண்டாம் பேஸில் மட்டும் இருந்தால் அவரைத் தள்ள ஆளில்லை. அவர் மூன்றாவதுக்கு ஓடினால் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வழக்கமாக நடக்கும் தவறு இது: முதல் பேஸ்மேன் பந்தை எடுத்து முதலில் தன் பேஸை மிதித்துவிட்டு, பிறகு இரண்டாவதுக்கு எறிகிறார். பேட்டர் அவுட்டான அந்த நொடியே முன்னால் ஓடுபவரைத் தள்ள யாரும் இல்லை, ஃபோர்ஸ் போய்விட்டது. இரண்டாம் பேஸில் பந்தை வாங்கியவர் பேஸை மிதித்துவிட்டுக் கையைத் தூக்கினால் பிரயோஜனமில்லை, தொட வேண்டும்.

ரன் கணக்கிலும் இது புகுந்து விளையாடும். மூன்றாவது அவுட் ஃபோர்ஸாக இருந்தாலோ, பேட்டர் முதல் பேஸை எட்டுமுன் அவுட்டானாலோ, அதற்குள் ஹோமைத் தொட்ட ரன்னரின் ரன் செல்லாது. மூன்றாவது அவுட் தொட்டு எடுத்தது என்றால், எது முதலில் நடந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்கோரர் தானாக முடிவெடுக்காமல் ஹோம் அம்பயரின் கையைப் பார்த்து எழுதுவது நல்லது.

கேட்ச் பிடித்த பிறகும் ரன்னர் ஓடி ரன் எடுக்கிறாரே?

எடுக்கலாம். ஃபீல்டர் பந்தைத் தொட்ட பிறகு தன் பேஸிலிருந்து கிளம்பினால் போதும். முன்கூட்டியே ஓடிவிட்டால் திரும்பி வந்து பேஸைத் தொட வேண்டும். அதற்குள் பந்து அந்தப் பேஸுக்கு வந்துவிட்டால் அவர் அவுட்.

யாரும் பிடிக்காமலே அம்பயர் கையைத் தூக்கி அவுட் கொடுக்கிறாரே, அது என்ன?

இன்ஃபீல்டு ஃபிளை. இரண்டுக்கும் குறைவான அவுட். முதல், இரண்டாம் பேஸ்களில் ஆள் (அல்லது மூன்றும் நிரம்பியிருக்க வேண்டும்). உள்வட்ட ஃபீல்டர் சாதாரணமாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து. இந்த நிலையில் பந்து ஃபேராக இருந்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட். நேராகச் சீறும் பந்துக்கும் பன்ட்டுக்கும் இது கிடையாது.

இல்லாவிட்டால் ஃபீல்டர் வேண்டுமென்றே கேட்சை விடுவார். கேட்ச் ஆகும் என்று பேஸோடு ஒட்டி நிற்கும் ரன்னர்கள் திடீரென்று ஓட வேண்டி வரும், இரண்டு அவுட் சுளையாக விழும். அந்தத் திருட்டுத்தனத்தை அடைக்கத்தான் விதி. ஷீட்டில் அவுட்டை, பிடித்திருக்கக்கூடிய ஃபீல்டரின் பெயரில் எழுத வேண்டும்.

ஸ்கோர் ஷீட்டை நாமே போட முடியுமா?

தாராளமாக. ஏ4 தாளை அகலவாக்கில் வையுங்கள். பெயருக்கு 6 செ.மீ., இன்னிங்ஸ் கட்டங்களுக்கு தலா 1.8 செ.மீ. வீதம் பத்து, ஓரத்தில் கூட்டல் பத்திகள் நாலு தலா 1.2 செ.மீ. ஒன்பது பேட்டருக்கு ஒன்பது வரிசை, வரிசைக்கு 1.8 செ.மீ. உயரம்; மாற்று ஆள் வந்தால் பெயரை அதே வரிசைக்குள் கீழே எழுத இடம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மெல்லிய கோட்டில் ஒரு சாய்சதுரம். டீமுக்கு ஒரு தாள். நூறு தாள் வேண்டும் என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அச்சடித்துக்கொள்ளலாம்; ஒன்றிரண்டுக்கு ஜெராக்ஸ் போதும்.

ஒன்பது இன்னிங்ஸுக்குப் பத்துப் பத்தி எதற்கு என்றால், ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் ஆடி முடித்துப் பத்தாவதாக அதே ஆள் திரும்ப வருவது நடக்கும். அப்போது அடுத்த பத்திக்குத் தாண்டி, தலைப்பில் இன்னிங்ஸ் எண்ணைத் திருத்த வேண்டும். பென்சிலில் எழுதுங்கள். பேனாவில் எழுதுகிற தைரியம் பத்து வருஷ ஸ்கோரருக்கும் தேவையில்லை.

ஃபீல்டர்களுக்கு எண் எப்படி?

1 பிட்சர், 2 கேட்சர், 3 முதல் பேஸ், 4 இரண்டாம் பேஸ், 5 மூன்றாம் பேஸ், 6 ஷார்ட்ஸ்டாப், 7 இடது அவுட்ஃபீல்டு, 8 நடு, 9 வலது. இது இடத்தின் எண், பனியனில் உள்ள எண் அல்ல. ஷார்ட்ஸ்டாப் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்றாலும் எண் 6. அதை 5 என்று எழுதுவதுதான் முதல் வாரத் தப்பு. இடது, வலது என்பது பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்து.

6-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட். 6-4-3 என்றால் ஒரே பந்தில் இரண்டு அவுட். எஃப் 8 என்றால் நடு அவுட்ஃபீல்டரிடம் கேட்ச். ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஆங்கிலக் கே. வீசாமலே மூன்றாவது ஸ்ட்ரைக்கில் போனால் அந்தக் கே-யைத் திருப்பிப் போடுவார்கள். இந்தக் கே-யைக் கொண்டுவந்தவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். 1859-ல் பேஸ்பாலுக்கு புள்ளிவிவரப் பட்டியலை அமைத்ததும் அவர்தான். கிரிக்கெட்காரர்கள் இந்த ஷீட்டைப் பார்த்து மிரள நியாயமே இல்லை.

ஒரு இன்னிங்ஸை எழுதிக் காட்ட முடியுமா?

சாய்சதுரத்தின் கீழ் முனை ஹோம், வலது முனை முதல் பேஸ், மேல் முனை இரண்டாவது, இடது முனை மூன்றாவது. ரன்னர் போன தூரம் வரை கோட்டை அழுத்தி வரையுங்கள். ஹோம் வந்தால் உள்ளே முழுவதும் கறுப்படியுங்கள்.

முதல் ஆள் தரையோடு அடித்தார், ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். கட்டத்தில் 6-3, வட்டத்துக்குள் 1, அதாவது முதல் அவுட். இரண்டாம் ஆளுக்கு நாலு பால்: முதல் பேஸ் வரை கோடு, பக்கத்தில் பி.பி. (பேஸ் ஆன் பால்ஸ், அதாவது நடை). மூன்றாம் ஆள் வலது அவுட்ஃபீல்டுக்கு ஒரு பேஸ் ஹிட். அவர் கட்டத்தில் முதல் பேஸ் வரை கோடு, 1பி. இதற்குள் இரண்டாம் ஆள் மூன்றாம் பேஸுக்குப் போய்விட்டார். அவர் கட்டத்துக்குத் திரும்பிப் போய் கோட்டை மூன்றாவது வரை நீட்ட வேண்டும். இப்படிப் பின்னால் போய் எழுதுவதைத்தான் கிரிக்கெட் ஸ்கோரர்கள் மறப்பார்கள்; அவர்கள் கை முன்னால் நகர்ந்தே பழகியது.

நாலாம் ஆள் நடு அவுட்ஃபீல்டுக்கு உயரத் தூக்கி அடித்தார், கேட்ச். மூன்றாம் பேஸில் இருந்தவர் கேட்சுக்குப் பிறகு கிளம்பி ஹோம் வந்துவிட்டார். நாலாம் ஆள் கட்டத்தில் எஸ்.எஃப். 8 (தியாக ஃபிளை), வட்டத்துக்குள் 2, ரன் கொண்டுவந்ததற்கு ஒரு புள்ளி. இரண்டாம் ஆளின் சாய்சதுரம் கறுப்பாகிறது. ஐந்தாம் ஆள் அடித்த சாதாரணப் பந்து ஷார்ட்ஸ்டாப்பின் கால் நடுவே போய்விட்டது: ஈ 6, அதாவது ஷார்ட்ஸ்டாப்பின் பிழை. மூன்றாம் ஆள் இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார். ஆறாம் ஆள் ஸ்ட்ரைக்அவுட்: கே, வட்டத்துக்குள் 3. அவர் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சாய்கோடு, இன்னிங்ஸ் முடிந்தது. கீழே எழுதுவது: ரன் 1, ஹிட் 1, எதிரணியின் பிழை 1, பேஸில் நின்றுபோனவர்கள் 2.

எழுதியது சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது?

மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்றாகத்தான் முடிய முடியும்: ரன் எடுத்தார், அவுட்டானார், பேஸில் நின்றுபோனார். எனவே ரன், அவுட், நின்றுபோனவர்கள் மூன்றையும் கூட்டினால் மட்டை பிடிக்க வந்தவர்கள் எண்ணிக்கை வர வேண்டும். மேலே உள்ள இன்னிங்ஸில் 1 + 3 + 2 = 6; வந்தவர்கள் ஆறு பேர்.

இன்னொரு பக்கமிருந்தும் நேர் பண்ணலாம். அட்-பேட், அதாவது சராசரிக்குக் கணக்காகும் முறைகள், 4 (ஒன்று, மூன்று, ஐந்து, ஆறாம் ஆட்கள்), நடை 1, தியாக ஃபிளை 1, மொத்தம் 6. இந்தச் சோதனையை மேட்ச் முடிந்து அல்ல, ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் செய்யுங்கள். ஒன்பது இன்னிங்ஸ் கழித்து ஒரு ஆள் குறைந்தால் எங்கே தொலைந்தார் என்று தேட முடியாது. பெரும்பாலும் தொலைவது ஃபோர்ஸில் அவுட்டான ரன்னர்தான்: வட்டத்தை அவர் கட்டத்தில் போடாமல் பேட்டர் கட்டத்தில் போட்டிருப்பீர்கள்.

ஹிட்டா, பிழையா? யார் முடிவு?

ஸ்கோரர்தான். கிரிக்கெட்டில் கேட்ச் விட்டால் ஷீட்டில் தடயமே இருக்காது. இங்கே ஃபீல்டரின் பெயரோடு பதிவாகும். அளவுகோல் ஒன்றே: அந்த மட்டத்தில் ஆடும் ஒரு ஃபீல்டர் சாதாரண முயற்சியில் அவுட்டாக்கியிருப்பாரா? ஆம் என்றால் பிழை. பாய்ந்து விழுந்து கையில் பட்டு நழுவினால் ஹிட். கையில் படவே இல்லை என்பதற்காகப் பிழை இல்லை என்று ஆகாது. காலுக்கு நடுவே போனதும் பிழைதான். யோசித்துத் தப்பான பேஸுக்கு எறிந்தது பிழை அல்ல. இரட்டை அவுட்டில் இரண்டாவது எறிதல் தாமதமாகி ஒரு ஆள் தப்பித்தாலும் பிழை போடக்கூடாது.

பேட்டரை விட்டுவிட்டு முன்னால் ஓடும் ரன்னரை எடுக்கத் தீர்மானித்தால் பேட்டருக்கு எஃப்.சி. (ஃபீல்டர்ஸ் சாய்ஸ்); ஹிட் கிடையாது. பிட்சரின் பந்து தரையில் குத்தி கேட்சரைத் தாண்டினால் பிட்சர் கணக்கில் வைல்டு பிட்ச். சாதாரணமாகப் பிடிக்க வேண்டியதை கேட்சர் விட்டால் பாஸ்டு பால். இரண்டுக்கும் பிழை எண் போடுவதில்லை.

ஓரமாக நிற்கும் சொந்த டீம்காரர்கள் “ஹிட்டுப்பா, ஹிட்டு” என்று கத்துவார்கள். காதில் வாங்க வேண்டாம்.

பேட்டிங் சராசரி .300 என்றால் நல்லதா, மோசமா?

நல்லது. இது ரன்னை அவுட்டால் வகுப்பதில்லை. ஹிட்டை அட்-பேட்டால் வகுப்பது. நடை, உடம்பில் பட்டது, தியாக ஃபிளை, தியாக பன்ட் ஆகியவை அட்-பேட்டில் சேராது. பிழையாலோ எஃப்.சி.யாலோ பேஸ் அடைந்தது அட்-பேட்டில் சேரும், ஹிட்டில் சேராது, சராசரி இறங்கும்.

பிட்சருக்கு 6.1 இன்னிங்ஸ் என்று எழுதுகிறார்களே?

கிரிக்கெட்டில் 6.1 ஓவர் என்றால் ஆறு ஓவரும் ஆறில் ஒரு பங்கும். இங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது அவுட், எனவே 6.1 என்பது ஆறும் மூன்றில் ஒன்றும், அதாவது 19 அவுட். பிட்சரின் சராசரியை (ஈ.ஆர்.ஏ., ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன்) போடும்போது கால்குலேட்டரில் 6.1 என்றே தட்டினால் விடை தப்பு. அவுட்டாக மாற்றிக்கொள்வதே சுலபம்: பிட்சர் பொறுப்பான ரன்னை 27-ஆல் பெருக்கி அவுட் எண்ணிக்கையால் வகுங்கள். 2 ரன், 19 அவுட் என்றால் 54-ஐ 19-ஆல் வகுக்க 2.84.

எந்த ரன் பிட்சர் பொறுப்பு? பிழைகளையும் பாஸ்டு பாலையும் எடுத்துவிட்டு இன்னிங்ஸை மனதில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு அவுட் ஆன பிறகு ஒரு பிழை, அடுத்து ஹோம் ரன். பிழை இல்லாவிட்டால் இன்னிங்ஸே முடிந்திருக்கும், எனவே ஒரு ரன்கூட அந்தப் பிட்சர் தலையில் ஏறாது. நடுவில் பிட்சர் மாறினால் கட்டங்களுக்கு இடையே ஒரு கோடு போடுங்கள். பேஸில் பழைய பிட்சர் விட்டுப்போன ரன்னர்கள் ஹோம் வந்தால், ரன் பழையவர் கணக்கில்.

பள்ளி சாஃப்ட்பாலுக்கு இதே ஷீட் போதுமா?

போதும். இன்னிங்ஸ் ஏழு, பிட்சர் கையைக் கீழிருந்து சுழற்றிப் போடுவார், பந்து பெரியது, பேஸ் தூரம் 90 அடிக்குப் பதில் 60. எண்களும் குறிகளும் அப்படியே.

மைதானம் போடும்போது 30 மீட்டர் டேப் ஒன்று, ஆணி, சுண்ணாம்புப் பொடி போதும். ஹோமின் பின்முனையில் ஆணி அடித்து, அங்கிருந்து இரண்டாம் பேஸுக்கு நேராக 25.86 மீட்டர். பிறகு இரண்டு ஆணியிலிருந்தும் 18.29 மீட்டர் அளந்து வளைவு போட்டால் வெட்டுமிடங்கள் முதல், மூன்றாம் பேஸ்கள். முதல், மூன்றாம் பேஸ் மெத்தைகள் சதுரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். இரண்டாவதின் நடுப்புள்ளி மூலையில் இருக்க வேண்டும். பெண்களுக்குப் பிட்சர் பலகை ஹோமிலிருந்து 13.11 மீட்டர். முதல், மூன்றாம் பேஸ்களை இணைக்கும் கயிற்றைக் கட்டிப் பாருங்கள். பலகை அதற்கு ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் இருந்தால் அளவு சரி.

திசை: ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று பேஸ்பால் விதிப்புத்தகமே சொல்கிறது, சாயங்கால வெயில் பேட்டர் கண்ணில் அடிக்காது. நம் பக்கம் அப்படிப் போட்டால் பேட்டர் ஏறக்குறையக் கடலைப் பார்த்து நிற்பார். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் தூக்கி அடித்த பந்து எதிர்க்காற்றில் தளர்ந்து முன்னாலேயே இறங்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து மைதானங்களில் அவுட்ஃபீல்டர்களை நாலடி முன்னால் வரச் சொல்லலாம்.

எழுதிப் பழக எந்த மேட்சைப் பார்ப்பது?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்கால மாலை 7 மணி மேட்ச் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30, மேற்குக் கரையில் 7 மணி என்றால் நமக்குக் காலை 7.30. முதல் சில மேட்சுக்கு ஒரு டீமின் தாளை மட்டும் எழுதுங்கள். எதிரணி ஆடும்போது விட்டுப்போனதைச் சரிசெய்யலாம். அங்கே பிட்சருக்குக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள்: பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடி, ஆள் இருந்தால் 18. அதற்குள் முந்தைய கட்டத்தை முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பந்தைப் பாருங்கள், ரீப்ளேயில் பிடித்துக்கொள்ளலாம்.